உரித்தெடுக்கும் நிறம்

கறுப்பு உரிபூச்சு அடித்த காரின் பானெட். கிரில்லுக்குச் சற்று மேலே, பானெட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் பூச்சு சுருண்டு ஒரு நுனி எழும். அந்த நுனியைக் கையகலத்துக்குப் பிரித்து, இரண்டு கையாலும் பிடித்து, முன்கண்ணாடிப் பக்கமாக நிதானமாக இழுக்க வேண்டும். மெல்லிய சரசரப்போடு பூச்சு விட்டுக்கொடுக்கும். பிரியும் கோடு பானெட்டின் அகலம் முழுக்க நீண்டு, ஒரே வரிசையாகப் பின்வாங்கும். கடைசியில் பானெட் அளவுக்கு ஒரு ரப்பர் தாள் முழுசாகக் கையோடு வந்துவிடும். அடியில் கம்பெனி அடித்த வெள்ளைப் பெயின்ட் கீறல் இல்லாமல், பசைக்கறை இல்லாமல் பளபளக்கும்.

அதே பூச்சின்மேல் மாதக்கணக்கில் மழை அடித்திருக்கிறது, வெயில் காய்ந்திருக்கிறது, நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மோதியிருக்கிறது. அதற்கெல்லாம் அசையாதது இரண்டு விரலுக்கு எப்படி இணங்குகிறது? பிடித்தால் விடாத பசைகள் நம்மிடம் ஏராளம். எதுவும் ஒட்டாத டெஃப்லான் வாணலியும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. வேண்டும்வரை ஒட்டியிருந்து, வேண்டாம் என்றதும் தடயம் வைக்காமல் விலகும் பொருளைச் செய்வது இந்த இரண்டையும்விடக் கடினம். காருக்கு நிறம் மாற்றிப் பார்க்கும் ஒரு பொழுதுபோக்கில் இந்தக் கடினமான காரியம் அன்றாடம் நடந்துகொண்டிருக்கிறது.

இந்தப் பூச்சு காருக்காகப் பிறந்ததல்ல. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து பிளெயின் நகரில் இயங்கும் பிளாஸ்டி டிப் இன்டர்நேஷனல் நிறுவனம் 1972-இல் தொடங்கப்பட்டது. அது விற்றது டப்பாவில் அடைத்த திரவ ரப்பர். கட்டிங் பிளையர், ஸ்பேனர் போன்றவற்றின் கைப்பிடியை அதில் முக்கித் தொங்கவிட்டால் சில மணி நேரத்தில் காய்ந்து, கையில் வழுக்காத உறையாகிவிடும். பின்னாளில் அதே திரவம் ஸ்ப்ரே டப்பாவுக்குள் போனது. ஸ்ப்ரே டப்பா பெயின்ட்டுக்கு அதற்கு முன்பே வயதாகிவிட்டது. இல்லினாய் மாநிலத்து சிக்கமோர் ஊரில் பெயின்ட் வியாபாரம் செய்த எட் சீமோர், தன் அலுமினியப் பெயின்ட்டை வாடிக்கையாளர்களுக்கு எளிதாகக் காட்ட ஒரு வழி தேடியபோது, டப்பாவில் அடைத்து அடிக்கலாமே என்று சொன்னவர் அவர் மனைவி பானி. அது 1949. திரவ ரப்பர் ஸ்ப்ரேயாக வந்தபின், யாரோ ஒருவருக்கு அதை அலாய் வீலில் அடித்துப் பார்க்கத் தோன்றியிருக்கிறது. பிடிக்காதபோது உரித்திருக்கிறார்கள். வீலிலிருந்து கிரில்லுக்கும் சின்னத்துக்கும் பரவி, 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில் முழுக் காரையும் ஸ்ப்ரே கன்னால் அடிக்கும் வழக்கமாக வளர்ந்தது.

ராணுவத்துக்கு இந்த யோசனை இன்னும் பழையது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கக் கடற்படை நூற்றுக்கணக்கான கப்பல்களை ஓய்வில் நிறுத்தியது. திரும்பவும் தேவைப்பட்டால் பீரங்கிகள் துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும். அவற்றைச் சுற்றிப் பிளாஸ்டிக்கை நூல் நூலாகத் தெளித்து வலை பின்னினார்கள். வலையின்மேல் வினைல் பூச்சை அடித்துக் காற்றுப் புகாத கூடாக்கி, உள்ளே ஈரத்தை வற்ற வைத்தார்கள். அழைப்பு வந்தால் கூட்டைக் கிழித்துவிட்டு பீரங்கியை இயக்கலாம்.

காருக்கு வருவோம். இந்த விளையாட்டில் பாதி வேலையைச் செய்வது அடியில் இருக்கும் கம்பெனி பெயின்ட். தொழிற்சாலையில் காரின் வெற்று உடலைத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, துருத்தடுப்புப் பூச்சைப் படியவைக்கிறார்கள். அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். நான்கும் சேர்ந்தாலும் கனம் 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர்தான். கிளியர் கோட்டை ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைக்கும்போது அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்துகொள்கின்றன. வேலை முடிந்தபின் அந்த அடுக்கு ஏறக்குறைய ஒரே ராட்சத மூலக்கூறு. புதிதாக மேலே வரும் திரவம் அதைக் கரைக்க முடியாது, உள்ளே புக முடியாது, கைகோக்க அங்கே காலியான கையும் இல்லை.

டிங்கரிங் பட்டறையில் மறுபெயின்ட் அடிக்கும் முன் எமரி ஷீட் போட்டுத் தேய்ப்பது இதனால்தான். கீறல்களுக்குள் பெயின்ட் இறங்கினால்தான் பிடிப்பு கிடைக்கும். உரிபூச்சு அடிப்பவருக்குத் தேவை நேரெதிர். அவர் காரைக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, தூசு துடைத்து, வழவழப்பை அப்படியே விட்டுவைக்கிறார்.

இனி பூச்சின் பக்கம். டயர் ரப்பரில் சங்கிலிகளைக் கந்தகம் பிணைத்திருக்கிறது. வல்கனைஸ் செய்த ரப்பர் கரைப்பானில் ஊறி உப்பும், கரையாது. உரிபூச்சுக்கு அது ஆகாது. டப்பாவுக்குள் திரவமாகவும் காரின்மேல் ரப்பராகவும் இருக்கத் தெரிந்த பொருள் வேண்டும். அப்படி ஒரு ரப்பர் குடும்பத்தை ஷெல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். 1965-இல் கிரேட்டான் என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. உரிபூச்சு நிறுவனங்கள் தங்கள் கலவையைத் தொழில் ரகசியமாகவே வைத்திருக்கின்றன. என்றாலும் கரைந்து காயும் ரப்பர் எப்படி வேலை செய்கிறது என்று விளங்கிக்கொள்ள இந்தக் குடும்பத்தைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியாது.

இதில் ஒவ்வொரு சங்கிலிக்கும் இரண்டு சுபாவம். நடுப்பகுதி பியூட்டாடையீன், இளகியது, இழுபடக்கூடியது. இரு முனைகளும் ஸ்டைரீன், விறைப்பானது. இரண்டுக்கும் ஒத்துப்போகாது. முனைகள் நடுப்பகுதியை விட்டு விலகித் தங்களுக்குள் கூடி, சில பத்து நானோமீட்டர் அகலமே உள்ள உருண்டைகளாகத் திரள்கின்றன. ஒரு சங்கிலியின் ஒரு முனை ஓர் உருண்டையிலும் மறுமுனை அடுத்த உருண்டையிலும் மாட்டிக்கொள்ள, நடுவில் இருக்கும் இளகிய பகுதி பாலமாகிறது. இழுத்தால் பாலங்கள் நீளும், விட்டால் சுருங்கும். உருண்டைகள் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் வரை இறுகியே இருப்பதால் சித்திரை வெயிலில் சுடும் பானெட்டிலும் முடிச்சுகள் அவிழ்வதில்லை.

டொலுவீன், நாப்தா போன்ற கரைப்பானை ஊற்றினால் உருண்டைகள் கரைந்து, சங்கிலிகள் வெறும் இடியாப்பச் சிக்கலாகத் தளர்ந்து மிதக்கும். அதுதான் டப்பாவில் இருக்கும் திரவம். கரைப்பான் ஆவியானதும் முனைகள் மறுபடி கூடி முடிச்சுப் போட்டுக்கொள்ளும். இங்கே ரசாயன வினை எதுவும் நடப்பதில்லை. எனவே காய்ந்தபின்னும் வாசல் திறந்தே இருக்கிறது: கரைப்பான் மறுபடி வந்தால் முடிச்சுகள் மறுபடி அவிழும். இந்தப் பூச்சின் பலமும் பலவீனமும் இந்த ஒரு குணத்திலிருந்தே வருகின்றன.

பலத்தை ஸ்ப்ரே அடிக்கும்போது பார்க்கலாம். டப்பாவின் மூக்கைச் சுமார் 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் வீச வேண்டும். டப்பாவுக்குள் அழுத்தத்தில் திரவமாக இருந்த வாயு, வெளியே வந்ததும் கொதித்துச் சிதறி, பூச்சைத் துளித்துளியாக உடைக்கிறது. முதல் கோட் மூடக் கூடாது; அடியிலுள்ள நிறம் பாதிக்கு மேல் தெரிய வேண்டும். வழவழப்பான பரப்பில் ஈரம் அதிகமானால் வழிந்துவிடும் என்பதால், தனித்தனிப் புள்ளிகளாக விழுந்து பிசுபிசுப்போடு நிற்கும் இந்த மெல்லிய கோட்தான் அடுத்தடுத்த கோட்டுகளைத் தாங்கிப் பிடிக்கிறது. சில நிமிடம் விட்டு இரண்டாவது கோட். அதிலுள்ள கரைப்பான் முதல் கோட்டின் மேற்பகுதியை இளக்குகிறது, சங்கிலிகள் எல்லை தாண்டிக் கலக்கின்றன, முடிச்சுகள் இரண்டுக்கும் பொதுவாக விழுகின்றன. ஐந்தாறு கோட் அடித்தபின் அங்கே ஐந்தாறு அடுக்குகள் கிடையாது. இருப்பது ஒரே தாள்.

பக்கத்தில் நின்று பார்த்தால் ஈரப் பூச்சின் பளபளப்பு கண்ணெதிரே மங்குவது தெரியும். கரைப்பான் போகப்போகப் படலம் சுருங்குகிறது. அதிலிருக்கும் நுண்துகள்கள் மேற்பரப்பைத் துருத்திக்கொண்டு மேடுபள்ளமாக்குகின்றன. விழும் ஒளி ஒரு திசையில் திரும்பாமல் எல்லாப் பக்கமும் சிதறுகிறது. மேட் கறுப்பு என்று இளைஞர்கள் தேடிப் போகும் தோற்றம் இதுதான். முத்துப் பளபளப்புள்ள நிறங்கள் வேறு வழியில் வருகின்றன. அவற்றில் அப்பிரகத் தகடுகள், ஒவ்வொன்றின்மேலும் டைட்டேனியம் டை ஆக்சைடின் மெல்லிய தோல். தோலின் மேற்புறத்தில் திரும்பும் ஒளியும் அடிப்புறத்தில் திரும்பும் ஒளியும் சந்தித்து, சில நிறங்கள் வலுக்கின்றன, சில அழிகின்றன. பார்க்கும் கோணம் மாறினால் ஒளி கடக்கும் தூரம் மாறுகிறது, நிறமும் மாறுகிறது. படலம் சுருங்கும்போது தகடுகள் தாமாகவே படுத்துக்கொள்வதால் கார் முழுக்க அவை ஒரே பக்கம் பார்க்கின்றன. முதலில் சில கோட் கறுப்பு அடித்து அதன்மேல் முத்து நிறம் அடிப்பார்கள். வேண்டாத ஒளியைக் கறுப்பு விழுங்கிக்கொள்ள, மிச்ச நிறம் தூக்கலாகத் தெரியும்.

மழைக்காலத்தில் கடலோர ஊர்களில் அடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பின் சூட்டையும் சேர்த்து எடுத்துச் செல்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் குளிர்ந்த பூச்சின்மேல் பனி இறங்கி, நீர்த்துளிகள் உள்ளே மாட்டிக்கொண்டு வெண்மை படியும். வெயில் தெளியும்வரை பொறுப்பதுதான் வழி.

எந்த இடத்தோடு நிறம் நிற்க வேண்டுமோ அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டியிருப்பார்கள். அந்த டேப்பைக் கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். காயவிட்டால் டேப்பின் மேலுள்ள பூச்சும் காரின் மேலுள்ள பூச்சும் ஒரே தாளாகிவிட்டிருக்கும். டேப்பை இழுத்தால் பானெட்டும் சேர்ந்து உரியும். எல்லைகளை அழித்து ஒன்றாக்கும் குணம் டேப்புக்கென்று விலக்குத் தருவதில்லை.

இப்போது அந்த இரண்டு விரல் விஷயம். கிளியர் கோட்டுக்கும் பூச்சுக்கும் இடையே ரசாயனப் பிணைப்பு கிடையாது. மூலக்கூறுகள் நெருங்கி வந்தாலே எழும் வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு மட்டும் உண்டு. ஓர் இடத்தில் அது மிகச் சிறியது. ஆனால் திரவமாக வந்த பூச்சு வளைவு, மடிப்பு எல்லாவற்றிலும் பரப்போடு பரப்பாகப் படிந்திருப்பதால் எந்த இடமும் விடுபடவில்லை. காற்று பானெட் முழுவதையும் ஒரே நேரத்தில் தள்ளுகிறது. எதிர்த்து நிற்பதும் முழுப் பரப்பும். உரிக்கும்போது விசை முழுப் பரப்பின்மேல் விழுவதில்லை. பிரியும் கோட்டில் மட்டும் விழுகிறது. அந்தக் கோட்டுக்கு முன்னால் உள்ளது இன்னும் தன் முறைக்காகக் காத்திருக்கிறது, பின்னால் உள்ளது ஏற்கெனவே விலகிவிட்டது.

ரப்பரின் இயற்பியலை ஆராய்ந்த ரொனால்ட் ரிவ்லின் 1944-இல் உரித்தலுக்கு ஒரு கணக்கு எழுதினார். அதன்படி, தேவைப்படும் விசை உரிக்கும் தாளின் அகலத்தைப் பொறுத்தது. இன்னும் எவ்வளவு நீளம் ஒட்டியிருக்கிறது என்பது கணக்கிலேயே வராது. கோணமும் முக்கியம். பரப்புக்குச் செங்குத்தாக இழுப்பதைவிட, தாளை அதன்மேலேயே மடக்கிப் பின்னோக்கி இழுத்தால், நீளாத தாளுக்குப் பாதி விசை போதும். ரப்பர் தாள் நீள்வதால் கணக்கு சற்று மாறும், போக்கு மாறாது.

இந்தக் கணக்குக்குள் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. உரிக்கத் தேவைப்படும் விசைக்குப் பூச்சின் கனத்தோடு பெரிய உறவு இல்லை. கிழியாமல் தாங்கும் திறனோ கனம் கூடக்கூடக் கூடுகிறது. மூன்று கோட் அடித்த தாளை இழுத்தால், உரிவதற்கு முன்பே கிழிகிறது. ஆறு கோட் அடித்ததை அதே விசையில் இழுத்தால் முழுசாக வருகிறது. ஒட்டுதல் இரண்டிலும் ஒன்றுதான். சிக்கனம் பார்த்து மெல்லியதாக அடித்தவர்கள் பிறகு நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பது இதனால்தான். நன்றாக அடித்த பூச்சு 0.1 மில்லிமீட்டரைத் தாண்டி நிற்கும்.

ஆக, எல்லாம் மூன்று பிடிப்புகளின் வரிசை. பூச்சு தன்னைத் தானே பிடித்திருக்கும் வலு ஒன்று, பூச்சு பெயின்ட்டைப் பிடித்திருப்பது இன்னொன்று, பெயின்ட் தகரத்தைப் பிடித்திருப்பது மூன்றாவது. நடுவில் உள்ளது மற்ற இரண்டையும்விட பலவீனமாக இருக்கும்வரைதான் இந்த வித்தை நடக்கும். விபத்தில் நசுங்கி, பட்டி பார்த்து, சரியாகப் பிடிக்காமல் மறுபெயின்ட் அடித்த கதவில் மூன்றாவது பிடிப்பே நடுவிலுள்ளதைவிடத் தளர்ந்திருக்கலாம். அங்கே உரிபூச்சை இழுத்தால் பெயின்ட்டும் கூடவே வரும். பெயின்ட் அடிக்காத சொரசொரப்பான பிளாஸ்டிக் பம்பரில் பூச்சு குழிகளுக்குள் இறங்கிக் கெட்டியாகக் கவ்விக்கொள்ளும். பழைய கார் வாங்கி நிறம் மாற்ற நினைப்பவர்கள் இந்த இரண்டையும் முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

திறந்த வாசலின் பலவீனத்தைப் பெட்ரோல் பங்க்கில் பார்க்கலாம். பெட்ரோலும் ஹைட்ரோகார்பன்தான். டேங்க் மூடியருகே சிந்தினால் முடிச்சுகள் அவிழ்ந்து பூச்சு பிசுபிசுக்கும். வாட்டர் வாஷ் கடையில் உயர் அழுத்தத் தண்ணீரை விளிம்பில் காட்டினால், விரல் செய்யும் வேலையைத் தண்ணீர் செய்துவிடும். அடிக்கும் நேரத்தில் எழும் ஆவி நுரையீரலுக்கும் மூளைக்கும் தீங்கானது, தீயும் பற்றக்கூடியது. துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரி வடிப்பான் உள்ளது வேண்டும், காற்றோட்டமான இடம் வேண்டும். உரித்த ரப்பர் மக்காது என்பதும் எனக்கு உறுத்தலான விஷயம். ஆசைக்கு ஒரு நிறம் என்று மாதந்தோறும் மாற்றினால் அத்தனையும் குப்பைமேட்டுக்குத்தான் போகும். நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு. ஆர்.சி.யில் காரின் நிறமும் பதிவாகியிருக்கிறது. உரிக்கக்கூடிய நிறம்தானே என்று விட்டுவிடாமல், முழுக் காரின் நிறம் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பூச்சில் முதல் பிடிப்பு தளர்கிறது. புற ஊதாக் கதிர் சங்கிலிகளை அறுக்க, தாள் இழுவலுவை இழந்து துண்டு துண்டாகக் கிழியும். அதற்கு மருந்து சுரண்டுவதல்ல, மேலே இன்னும் இரண்டு கோட் தாராளமாக அடிப்பது. கரைப்பான் பழைய பூச்சுக்குள் இறங்கும், புதுச் சங்கிலிகள் பழையவற்றோடு முடிச்சுப் போடும், கனமும் கூடும். நன்றாகக் காயவிட்டால் பழையதும் புதியதும் சேர்ந்தே உரியும்.

இதே வரிசையில் நான்காவதாக ஒரு பிடிப்பைச் சேர்த்தால், உரிபூச்சு அலங்காரத்தை விட்டுத் துப்புரவு வேலைக்கு வந்துவிடும். பரப்பின்மேல் தூசு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூசு பரப்பைப் பிடித்திருப்பதைவிடப் பூச்சு தூசை இறுகப் பிடித்தால், உரிக்கும்போது தூசும் தாளோடு வந்துவிடும். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் உட்சுவர்களில் படிந்திருந்த அழுக்கை 2000-களின் தொடக்கத்தில் இப்படித்தான் எடுத்தார்கள். ரப்பர் பாலில் செய்த பூச்சைக் கல்மேல் அடித்து, காய்ந்ததும் உரித்தார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தால் கல்லுக்குள் ஈரம் இறங்கியிருக்கும்.

ஈர்ப்பு அலைகளை 2015 செப்டம்பர் 14 அன்று முதன்முறையாகப் பிடித்த லைகோ ஆய்வகத்திலும் இந்தப் பூச்சுக்கு வேலை இருக்கிறது. அங்குள்ள கண்ணாடிகள் ஒவ்வொன்றும் 40 கிலோ எடையுள்ள தூய சிலிக்கா. விழும் ஒளியில் 30 லட்சத்தில் ஒரு ஃபோட்டானைத்தான் அவை உறிஞ்சும். அதில் ஒரு தூசு நின்றாலும் லேசர் அதைச் சுட்டு, கண்ணாடியையும் கெடுத்துவிடும். துணியால் துடைத்தால் கீறல். அதனால் அதன்மேல் உரியும் பாலிமர் பூச்சைத் தடவிக் காயவிட்டு, பொருத்தும் வேலை நடக்கும்போது அதையே பாதுகாப்பு உறையாகவும் வைத்திருக்கிறார்கள். உரிக்கும் கட்டத்தில் புதிதாக ஒரு சிக்கல் முளைக்கிறது. இரண்டு பரப்புகள் பிரியும்போது மின்னூட்டம் உருவாகிறது. மின்னூட்டம் ஏறிய கண்ணாடி, சுற்றியுள்ள தூசைத் தானே இழுத்துக்கொள்ளும். எனவே ஒருவர் தாளை மெதுவாக இழுக்க, பிரியும் கோட்டின்மேல் அயனியாக்கிய நைட்ரஜன் வாயுவை ஊதிக்கொண்டே இருக்கிறார்கள். பிரிந்த இடத்து மின்னூட்டத்தை அந்த அயனிகள் அங்கேயே தணித்துவிடுகின்றன.